யாராவது பயன்படுத்துகிறீர்களா?

டர் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
ஜனவரி 14, 2024

தம்பி ஃபான்ஸுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் உன் அக்கா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல். அம்மா இறந்தபோது நீ போனை எடுக்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன். உனக்கு ஒரு நாளைக்கு நானூறு அஞ்சல் வருமாம். அதற்கு அடியில் அம்மா மூன்று நாள் கிடந்தாள். நீ வந்து சேர்ந்தபோது குழியை மூடியிருந்தார்கள். இனி உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று கல்லறை வாசலில் சொன்னேன். ஐந்து வருடம் தாண்டியும் அதில் மாற்றமில்லை. போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீ கேட்டாக வேண்டும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இப்போது அவருக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் கப்பல் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றால் அப்படித்தான். அம்மா அடக்கத்துக்கு வந்தபோது நீ அவர் மேஜையில் கணினியை வைத்து, "இனிமே ஞாயித்துக்கிழமை நாலு மணின்னா நான் வந்துருவேன்பா. என் உதட்டப் பாத்தாப் போதும், புரியலன்னா டைப் அடிக்கிறேன்" என்று சொன்னாய். அவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்காருகிறார். எனக்கு அந்த நேரம் பிளசென்ஷியா முதியோர் இல்லத்தில் வேலை. ஏழு மணிக்கு வந்து கேட்டால், "பையனுக்கு வேலை இருந்திருக்கும்" என்கிறார்.

கப்பலில் எழுதின பழக்கம் விடாமல், நாளும் நேரமும் நடந்ததும் குறிக்கிற லாக் புத்தகம் இன்னும் எழுதுகிறார். திருட்டுத்தனமாகப் பார்த்தேன். போன வருடம் ஐம்பத்து மூன்று ஞாயிறு. நீ வந்தது பதினொன்று.

அப்பா நன்றாக இருக்கிறார். அப்படித்தான் எழுதச் சொன்னார்.

லொரெட்டா

---

கிச்சனர், ஒன்டாரியோ
ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வலது மணிக்கட்டு மட்டும் வலிக்கிறது. அப்பாவுக்கும் உனக்கும் குளிர் எப்படி இருக்கிறது?

பதினொன்று என்று நீ எழுதியதைப் படித்ததும் பொய் என்று சொல்லத்தான் வாய் வந்தது. எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பத்துதான் ஞாபகம் இருக்கிறது. அப்பா ஒன்றைக் கூட்டி எழுதியிருக்கிறார்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உனக்கு ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. வயிற்றுப்பாட்டுக்குப் பகல் வேலை இருக்கிறது. இது அதற்கு வெளியே. எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று உலகத்துக்குத் திறந்து வைத்த ஓர் இயங்குதளம் இருக்கிறது. காற்றில் வரும் இணையத்தைக் கணினிக்குள் வாங்க ஒரு வயர்லெஸ் கார்டு வேண்டும். அந்தக் கார்டு பேசுவது கணினிக்குப் புரிய ஒரு டிரைவர் வேண்டும். கம்பெனிக்காரன் கார்டை விற்றுவிட்டு இரண்டு வருடத்தில் மறந்துவிடுவான். டிரைவரை ஓடவைப்பது என்னைப் போன்றவர்கள். என் பெயரில் பதினான்கு இருக்கின்றன. எல்லாம் கிழடு. சம்பளம் கிடையாது. கிடைப்பது வசவுதான். போன வாரம் ஒருவன் எழுதினான்: "அஞ்சு நாளா என் கார்டு வேலை செய்யல. நீயெல்லாம் எதுக்கு அங்க பேர் போட்டு உக்காந்துருக்க?" அவனுக்குப் பதில் எழுதத்தான் போன ஞாயிறு போனது.

ஆனால் ஒரு வழி பார்த்திருக்கிறேன். பதினான்கில் ஏழு கார்டுகள் கடையில் விற்றே பதினைந்து வருடம் ஆகிறது. அவற்றைத் தூக்கிவிட்டால் என் சுமை பாதியாகும். எங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. குழுவின் அஞ்சல் பட்டியலில் "இதை யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா?" என்று ஒரு கேள்வி போடுவோம். குறித்த நாள்வரை எவரும் கை தூக்காவிட்டால் எடுத்துவிடுவோம். நேற்றுப் போட்டுவிட்டேன். மார்ச் எட்டுவரை கெடு.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடையது. இதற்காகத்தான் செய்கிறேன் என்று அவரிடம் சொல்லாதே, வருத்தப்படுவார்.

உன் தம்பி,
ஃபான்ஸ்

---

டர் கோவ்
பிப்ரவரி 18

தம்பிக்கு,

இங்கே பனி கதவின் பாதிவரை. மற்றபடி நலத்துக்குக் குறைவில்லை. மணிக்கட்டில் சூடான உப்பு மூட்டை வை, அம்மா வைப்பாளே அதுபோல.

உன் கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். நீ மறைக்கச் சொன்ன வரியை மறைத்துவிட்டேன். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அந்தக் கேள்வி போடுகிற இடத்தில் விரலை வைத்தார். "யார்கிட்ட கேக்குறான்?" என்றார். குழுவிடம் என்று எழுதிக் காட்டினேன். சிரித்தார்.

தீவுக்கும் கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போன அவர் கப்பலை எப்படி நிறுத்தினார்கள் என்று உனக்கு மறந்திருக்கும், நீ அப்போது கல்லூரியில். இந்தத் தடம் தேவையா, ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள் என்று ஒரு அறிவிப்பை நகரத்தில் இருந்த அலுவலகத்தில் ஒட்டினார்கள். தீவில் இருந்தவர்களுக்கு அந்த அலுவலகத்துக்குப் போகவே அந்தக் கப்பல்தான் வேண்டும். ஒருவரும் எழுதவில்லை. நிறுத்திவிட்டார்கள். அப்பா இப்போதும் அதைச் சொன்னால் குரல் ஏறிவிடும். "கப்பல்ல வந்தவங்கள யாரும் கேக்கலடி. ஆபீஸ் சுவர்கிட்ட கேட்டாங்க. சுவரு என்னத்தச் சொல்லும்?"

அவர் உனக்குச் சொல்லச் சொன்னது இவ்வளவுதான்: கார்டு வைத்திருக்கிறவன் உன் பட்டியலைப் படிக்கிறவனாக இருக்க மாட்டான். வேலை செய்கிற இன்ஜினைப் பற்றி எவனும் கடிதம் எழுத மாட்டான்.

எனக்கு இதிலெல்லாம் ஒன்றும் புரியாது. நீ ஞாயிற்றுக்கிழமை வந்தால் சரி.

அப்பாவுக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. வயதுதானே.

லொரெட்டா

---

கிச்சனர்
மார்ச் 10

அன்பு அக்காவுக்கு,

உப்பு மூட்டை வைத்தேன், வலி விட்டுவிட்டது. கால் வீக்கத்துக்கு அப்பா டாக்டரைப் பார்த்தாரா? உன் கடிதத்தில் வயது என்று மட்டும் இருந்தது.

அப்பா சொன்னதைப் படித்துக் கொஞ்சம் யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு எல்லாமே அந்தக் கப்பல்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கெடு முடிந்தது. ஏழு கார்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில். போர்ச்சுகலிலிருந்து ஒருவர், "என்கிட்ட ஒண்ணு இருக்கு, ஆனா டிராயர்ல கிடக்கு, எடுத்துடுங்க" என்று எழுதியிருந்தார். எண்ணிக்கைக் கணக்கும் பார்த்தோம். விருப்பப்பட்டவர்களின் கணினிகள் உள்ளே என்ன கார்டு இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லும். ஏழுக்கும் பூஜ்யம்.

எடுத்துவிட்டேன். பதினெட்டாயிரம் வரி நிரல். அடியில் வழக்கம்போல எடுத்தவன் பெயர் என்று என் பெயரைப் போட்டேன். குழுவில் நான்கைந்து பேர் கைதட்டினார்கள். இத்தனை வருடத்தில் ஒன்றைச் சேர்த்ததற்கு என்னை எவரும் பாராட்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் ஏழிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் நான்கு மணிக்கு நான் வருகிறேன். இங்கே அது இரண்டரை. தவறாது. அப்பாவிடம் சொல்லிவிடு. கணினியில் நீ எதையும் தொட வேண்டாம். அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். எங்கள் புதுப் பதிப்பு உலகத்துக்குப் போகும் முன்பே அதற்கு வந்துவிடும்படி நான் அப்போதே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாட்டிலேயே புத்தம் புதியதை ஓட்டுகிற எண்பத்தொரு வயதுக்காரர் அவர் ஒருவர்தான்.

உன் தம்பி,
ஃபான்ஸ்

---

டர் கோவ்
மார்ச் 31, ஈஸ்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதி எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்காதே. நலம்தான். நீயும் நலமாக இரு.

அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். "சரி சரி, பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தால் முடி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யார் வெட்டினது என்றால் தானே வெட்டினாராம். ஒரு பக்கம் ஆடு மேய்ந்தது போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கும்போது சிரித்துவிடாதே.

ஏப்ரல் ஏழுக்குக் கரும்புப் பாகு ஊற்றின மொலாசஸ் ரொட்டி சுடச் சொல்கிறார். நீ திரையில் வருகிறாய், ரொட்டியை எப்படித் தின்பாய் என்று கேட்டேன். "அவன் பாக்கட்டும்" என்கிறார்.

ஃபான்ஸ், உன் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆனால் அப்பா எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நீ அவர் முகத்தைப் பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அக்கா லொரெட்டா

---

கிச்சனர்
ஏப்ரல் 30

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் நலம்தானா? இதைச் சடங்குக்காகக் கேட்கவில்லை.

நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. ஏழாம் தேதி இரண்டரைக்கு அழைத்தேன். மணி அடிப்பதாகக் காட்டிற்று, எவரும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு, மூன்றரைக்கு, நான்குக்கு. அப்பா தூங்கியிருப்பார் என்று விட்டேன். பதினான்காம் தேதியும் அப்படியே. இருபத்தொன்றாம் தேதி ஒன்றரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று முன்தினம் அரை மணியோடு எழுந்துவிட்டேன்.

அப்பா கோபமாக இருக்கிறாரா? பதினொன்று என்று எழுதி வைத்தவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஆனால் முடி வெட்டிக்கொண்டார், ரொட்டி சுடச் சொன்னார் என்று நீதானே எழுதினாய். முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றாய். முகத்தைக் காட்டவில்லையே, அக்கா. என்ன விஷயம் என்று நீயே எழுதிவிடு.

போன் செய்யாதே என்று நீ சொல்லியிருப்பதால் செய்யவில்லை.

ஃபான்ஸ்

---

டர் கோவ்
மே 1

ஃபான்ஸ்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நான்கு ஞாயிறு. முதல் ஞாயிறு ரொட்டியைச் சுட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஏழு மணிக்கு வந்து பார்த்தால் ரொட்டி அப்படியே இருக்கிறது, அவரும் கழுத்துப் பட்டனோடு அப்படியே இருக்கிறார். "வந்தானா?" என்று உதட்டை அசைத்தேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. அடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்ததும். நான்காவது ஞாயிறு நான் கேட்கவில்லை, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்பு போகிற போக்கில் வருவேன் என்று சொன்னாய், வரவில்லை. அதை நான் தாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை நாள் குறித்து, நேரம் குறித்து, தவறாது என்று எழுதினாய். நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். உன் பொய்யை என் கையெழுத்தில் வைத்திருக்கிறார்.

அந்தக் கார்டுகளுக்காவது கெடு கொடுத்து, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாய். எங்களை அதுகூடக் கேட்கவில்லை.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

லொரெட்டா

---

கிச்சனர்
மே 26

அக்கா,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதை நீ படித்தாயா? நான் ஒவ்வொரு ஞாயிறும் அழைத்தேன். அம்மா மேல் ஆணை. போன ஞாயிறு ஏழாவது வாரமும் தயாராக உட்கார்ந்தேன், இன்று எட்டாவது முறை உட்காரப் போகிறேன்.

போன வாரம் உன் பேச்சை மீறி வீட்டுக்குப் போன் செய்தேன். நீ எடுத்தாய். "அக்கா" என்றதும் வைத்துவிட்டாய். மறுபடி செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது.

ஒன்றைக் கண்டுபிடித்தேன். அழைக்கிற நிரலில் எதிர்ப்பக்கத்துக் கணினி கடைசியாக எப்போது இணையத்தில் இருந்தது என்று பார்க்கலாம். அப்பாவுடையது ஏப்ரல் நான்கு என்று காட்டுகிறது. அதன் பிறகு இல்லவே இல்லை. கப்பலை நிறுத்திய வருடம் அப்பா கோபத்தில் தொலைக்காட்சிப் பிளக்கைப் பிடுங்கி எறிந்தது ஞாபகம் இருக்கிறதா? அதுபோல இதையும் பிடுங்கிவிட்டாரா? நீ ஒரே ஒரு ஞாயிறு வேலைக்குப் போகாமல் நான்கு மணிக்கு அவர் பக்கத்தில் நின்று, திரையில் என்ன தெரிகிறது என்று எனக்கு எழுது. இதைச் செய்தால் போதும்.

உடனே கிளம்பி வந்திருப்பேன். ஜூன் கடைசியில் எங்கள் அடுத்த பதிப்பு வெளியாக வேண்டும், என் பகுதி இன்னும் முடியவில்லை. ஜூலை முதல் வாரம் நேரில் வந்து அப்பாவின் காலில் விழுகிறேன். அதுவரை அவரைப் பார்த்துக்கொள்.

ஃபான்ஸ்

---

டர் கோவ்
ஜூன் 27

ஃபான்ஸுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் எழுந்து நடமாடுகிறேன்.

பாதிரியார் போன் செய்ததும் நீ வந்துவிட்டாய். இந்தத் தடவை பெட்டியை மூடுவதற்கு முன்பே வந்துவிட்டாய் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு நாளும் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேச வந்தபோதெல்லாம் எழுந்து போனேன். அப்பாவின் அறையையும் பூட்டி வைத்திருந்தேன்.

அவர் இதயம் பாதிக்குமேல் வேலை செய்யவில்லை என்று டாக்டர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய், அது கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஜூன் 16, ஞாயிறு. நான் ஏழு மணிக்கு வந்தபோது நாற்காலியில் இருந்தார். பட்டன் போட்டிருந்தார். திரை எரிந்துகொண்டிருந்தது. பிளக்கை அவர் ஒருநாளும் பிடுங்கவில்லை.

நீ போன பிறகுதான் அறையைத் திறந்தேன். லாக் புத்தகத்தை எடுத்தேன். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏப்ரல் 7. 16:00. இயந்திரம் ஓடுகிறது. திரையில்: வயர்லெஸ் சாதனம் எதுவும் காணப்படவில்லை. நான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 14. 16:00. அதே. லொரெட்டாவிடம் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் இன்ஜின் பார்த்தவன், பையன் கொடுத்த சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

ஏப்ரல் 21. பின்மூடியைக் கழற்றித் துடைத்தேன். கார்டு இடத்தில் இருக்கிறது. எரிந்த வாசனை இல்லை. கார்டின் மேல் ஆர்டி-2561 என்று போட்டிருக்கிறது. நல்ல நிலைமை. ஏன் காணவில்லை என்கிறது?

மே 12. 16:00. அதே. பையன் அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டு இருப்பான். பாவம்.

ஜூன் 2. 16:00. அதே. 17:30 வரை இருந்தேன். அவன் விடும்வரை நான் எழுந்து போகக் கூடாது.

ஜூன் 9. 16:00. அதே. கார்டில் கோளாறு இல்லை. நிச்சயம்."

பதினாறாம் தேதிக்கு நாளும் நேரமும் மட்டும் இருக்கிறது.

நான் "வந்தானா?" என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உன் இரண்டு கடிதமும் மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தன. நேற்றுத்தான் பிரித்தேன். ஒரே ஒரு ஞாயிறு பக்கத்தில் நில் என்று கேட்டிருந்தாய். மூன்று ஞாயிறு மிச்சம் இருந்தது.

இது உன் தொழில். கார்டு நன்றாக இருக்கிறதென்றால் இயந்திரம் ஏன் அதைக் காணவில்லை என்றது? சும்மா கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

லொரெட்டா

---

கிச்சனர்
ஜூலை 21

அக்காவுக்கு,

மூன்று வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

நீ எழுதியிருந்த எண்ணைப் படித்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தக் கணினியில் முதலில் வேறு கார்டு இருந்தது. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் அது வேலை செய்யவில்லை. சோதனைக்காக எப்போதும் ஒரு பழைய கார்டைப் பையில் வைத்திருப்பேன். அதை மாட்டினேன். ஓடிற்று. அப்பா தோளில் தட்டினார். அதோடு மறந்துவிட்டேன்.

நான் எடுத்த ஏழில் நான்காவது அது.

அப்பா எதையும் கெடுக்கவில்லை. கார்டிலும் கோளாறு இல்லை, அவர் எழுதியது சரி. அதோடு பேசத் தெரிந்த நிரலை நான் அழித்தேன். புதியதெல்லாம் முதலில் அவருக்கே வரட்டும் என்று வைத்தவனும் நான்தான், அதனால் உலகத்தில் எல்லோருக்கும் முன்னால் அவருக்கு அறுந்தது. எண்ணிக்கையில் பூஜ்யம் வந்ததும் என்னால்தான். வீட்டுக் கணினி எவருக்கும் எதையும் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை, அப்பாவுடையதில் அதை நானே அணைத்து வைத்தேன். ஊர் உலகத்தையெல்லாம் கேட்டேன். என் பையிலிருந்து போன கார்டு எங்கே என்று என்னை நானே கேட்கவில்லை. சுவரிடம் கேட்கிறான் என்று அவர் பிப்ரவரியிலேயே சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்காரத்தான் இதைச் செய்தேன், அக்கா. வேறு எதற்குமில்லை.

போன வாரம் அந்த ஒன்றை மட்டும் திரும்பச் சேர்த்தேன். இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். கணினியில் செருகி, திரையில் கேட்பதற்கெல்லாம் ஆம் என்று அழுத்து, போதும். எதற்கு என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் ஞாயிறு இரண்டரைக்கு அழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குழுவில் எதிர்ப்பு வந்திருக்கிறது. ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்களே எடுத்தீங்க, நீங்களே போடுறீங்க. இத யார் பயன்படுத்துறாங்க? ஒரு பேர் சொல்லுங்க. ஆகஸ்ட் கடைசிக்குள்ள சொல்லலைன்னா எடுத்துருவோம்."

நான் என்ன பதில் எழுத?

ஃபான்ஸ்

---

டர் கோவ்
ஆகஸ்ட் 11

ஃபான்ஸுக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

இன்று வேலைக்குப் போகவில்லை. மதியம் பென் டிரைவைச் செருகினேன். எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். கணினி ஒருமுறை அணைந்து எரிந்தது. மேல் மூலையில் சின்னதாக நான்கு கோடுகள் வந்தன. காணப்படவில்லை என்ற அந்த வரி இப்போது இல்லை. நீ கெட்டிக்காரன்தான், அப்பா எப்போதும் சொல்வார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சரியாக நான்கு மணிக்குத் திரை முழுதும் வெளிச்சமாகி மணி அடித்தது. உன் பெயர் வந்தது. பச்சைப் பொத்தானும் வந்தது. அதை அழுத்தத்தான் உட்கார்ந்தேன், ஃபான்ஸ். கையைக் கொண்டுபோனேன். என்னால் முடியவில்லை. அது அவருடைய மணி. நீ ஓயும்வரை எழுந்து போகாமல் இருந்தேன், அவர் இருந்தது போல. மூன்று தடவை அடித்தாய்.

பிறகு லாக் புத்தகத்தைத் திறந்து, அவர் கடைசியாக எழுதிய நாளுக்குக் கீழே நான் எழுதினேன்: "ஆகஸ்ட் 11. 16:00. பையன் வந்தான்."

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மேஜையைத் துடைத்துவிட்டேன்.

உன் குழுவுக்குப் பதில் கேட்டிருந்தாய். இப்படி எழுது. ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருந்தார். பெயர் லியாண்டர் கரீன், டர் கோவ். இப்போது யாரும் இல்லை. எடுத்துவிடலாம்.

லொரெட்டா